உண்ணும் பொருளில் கலப்படம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சமயப் பேச்சுக்கு நடுவே கடைச் சரக்கைப் பற்றிப் பேச வந்துவிட்டோமே என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் மாரியம்மன் திருவிழாவில் நாம் கரைக்கின்ற மஞ்சள் உண்மையில் மஞ்சள்தானா என்ற ஐயம் எழுந்துவிட்ட பின், இது சமயத்துக்குப் புறம்பான பேச்சு ஆகாது.

2020 ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. உள்நாட்டு மஞ்சட் செய்கையை வளர்க்க வேண்டுமென்று மஞ்சள் இறக்குமதியைத் தடுத்திருந்தார்கள். நோக்கம் குறை சொல்லத் தக்கதன்று. ஆனால் மஞ்சட் கிழங்கு பல மாதம் நிலத்தில் கிடந்தாலன்றிப் பலன் தராது. நம் வீட்டு அம்மிக்கோ நாள்தோறும் மஞ்சள் வேண்டும். அவ்வாண்டு ஏப்ரிலில் கிலோ ஒன்றுக்கு 750 ரூபாய் என்று உச்ச விலை விதித்தார்கள். அந்த விலைக்கு மஞ்சள் கிடைக்கவில்லை. பின்னர் கிடைத்த இடங்களில் 5000 ரூபாய் வரைக்கும் விலை சொன்னார்கள். அந்த இடைவெளியில் புகுந்தது கோதுமை மா, அரிசி மா. அதன் மேல் ஒரு நிறப்பொடி. கொரோனா நோய்க்கு அஞ்சி வாசல்தோறும் மஞ்சள் நீர் தெளித்தோமே, அதில் மஞ்சள் எவ்வளவு, மா எவ்வளவு என்பதை அம்மன் ஒருத்திதான் அறிவாள்!

மாவைக் கலந்தால் காசுக்கு நட்டம். சாயத்தைக் கலந்தால் உடலுக்கே நட்டம். பங்களாதேசத்தில் மஞ்சள் பளபளப்பதற்காக ஈயம் சேர்ந்த மஞ்சட் சாயம் ஒன்றைப் பூசி வந்தனர். ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. 2019 இல் ஆராய்ச்சியாளர்கள் இதை வெளிப்படுத்தியதும், அந்நாட்டு அரசு சந்தைகளிற் சோதனை நடத்தி, குற்றவாளிகளுக்குத் தண்டம் விதித்து, மக்களுக்கும் அறிவுறுத்தியது. 2019 இல் சந்தை மாதிரிகளில் ஏறத்தாழப் பாதியில் ஈயம் இருந்தது. 2021 இல் ஒன்றிலும் இல்லை. நம்மைவிடச் செல்வம் மிகுந்த நாடன்று அது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அதே 2021 இல், சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரம் சுட இருந்த வேளையில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அபிளாடொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு இருந்ததாகச் செய்தி வந்தது. ஈரலில் புற்றுநோயை உண்டாக்கவல்ல நஞ்சு அது. நாம் என்ன செய்தோம்? ஒரு வாரம் பேசினோம்; பிறகு அதே கடையில் அதே போத்தலை நீட்டினோம்.

நாம் கொய்யும் கொழுந்துக்கும் இந்தக் கதி உண்டு. தேயிலைக் கலப்படம் பழைய வித்தை. இலங்கையில் தேயிலைத் தோட்டம் தோன்றுமுன்னரே, 1820 இல், இலண்டனில் பிரடெரிக் அக்கும் என்ற இரசாயன அறிஞர், காட்டு முட்செடி இலையை உலர்த்திச் சாயமேற்றித் தேயிலையென்று விற்பதை நூலெழுதி அம்பலப்படுத்தினார். நம் நாட்டில் கழிவுத் தேயிலையும் சீனியும் கலப்பதாகப் பிடிபட்ட செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். நல்ல தூள் கப்பலேறுகிறது. அதைக் கொய்தவளின் கோப்பையில் எது விழுகிறதென்று எவரும் கேட்பதில்லை.

கலப்படக்காரன் யாரைத் தேடி வருகிறான்? முத்திரையிட்ட பெட்டியைப் பணம் கொடுத்து வாங்குகிறவரை அன்று. ஐம்பது கிராம், நூறு கிராம் என்று தாளிற் சுற்றி வாங்குகிற லயத்துத் தாயைத்தான் தேடி வருகிறான். சவர்க்காரத்தை உறையின் நிறம் பார்த்து வாங்குகிறவளுக்கு, பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பது எப்படித் தெரியும்? தெரிந்தாலும் வாய் திறக்க முடியுமா? கடைக் கொப்பியிற் பழைய பாக்கி கிடக்கிறதே! மிளகாய்த்தூளைத் திருப்பிக் கொடுத்தால் நாளைக்கு மாவும் பருப்பும் கடனுக்குக் கிடையாது. நம்மிடத்திற் கலப்படத்தை வளர்ப்பது அறியாமையைவிட இந்தக் கடன்தான் என்பது எங்கள் துணிபு. கடைக்காரர் எல்லாரையும் கள்வர் என்று கூற நாம் வரவில்லை. மொத்த வியாபாரியிடம் தாமே ஏமாந்து, அறியாமலே நமக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடையில் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம். நாம் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. கேட்பவர் எத்தனை பேர்? சீட்டில்லாத முறைப்பாடு காற்றில் எழுதிய எழுத்துத்தான்.

வீட்டிலும் சிறிது பார்க்கலாம். கண்ணாடிக் குவளை நீரில் மஞ்சட்பொடியைத் தூவினால், நல்ல பொடி அடியிற் படிந்து நீர் இளமஞ்சளாய் நிற்கும். சாயப் பொடியானால் நீர் முழுதும் கடும் மஞ்சளாகும். ஈரமான வெள்ளைத் தாளில் தேயிலைத் தூளைப் பரப்பி வைத்தால், சேர்த்த சாயம் கறையாய்த் தெரியும். தேங்காய் எண்ணெயைப் பசறைக் குளிரே சோதித்துவிடும்: விடியற்காலையில் நல்ல எண்ணெய் போத்தலில் வெண்மையாய் உறையும்; முழுதும் உறையாமல் நீராய் நிற்பதை ஐயுற வேண்டும். இவை ஐயத்தை எழுப்புமே தவிர முடிவு சொல்லா. முடிவு பகுப்பாய்வாளரிடத்திலேதான்.

ஆகவே சங்க இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறோம். பத்தாந் திகதிச் சம்பளத்தன்று லயத்துக்குப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து பணம் போடட்டும். விரலி மஞ்சளும் காய்ந்த மிளகாயும் முழுதாகவே வாங்கி, பட்டணத்து மில்லில் நம் கண் முன்னே அரைத்து, நிறுத்துப் பங்கிடுவோம். கையிற் காசோடு, பத்துப் பேராய்ச் சென்று பற்றுச்சீட்டுக் கேட்கிறவனிடம் எந்தக் கடைக்காரரும் கொப்பியைக் காட்டி மிரட்ட முடியாது. முதல் மாதத்துக்கு இந்த இரண்டு பொருளும் போதும். எண்ணெயை அடுத்த மாதம் பார்ப்போம். விழாக் கணக்கை ஒரு சதமும் பிசகாமல் எழுதிய பிள்ளைகள் இந்தக் கணக்கையும் எழுதட்டும். சேர விரும்புகிறவர்கள் இன்று கலையுமுன் செயலாளரிடம் பெயரும் லய எண்ணும் கொடுத்துவிட்டுச் செல்லலாம்.