துப்பாக்கியின் உதையும் இளந்தோளும்

தோணியின் அணியத்தில் நின்று கரைக்குத் தாவுகின்றவன் முன்னோக்கிச் செல்ல, தோணியோ பின்னோக்கி நகர்கின்றது. வெள்ளவத்தைக் கடற்கரையில் உலாவும் சிறுவரும் இதனை எளிதில் உணர்வர். ஒவ்வொரு தாக்கத்துக்கும் அதற்குச் சமமானதும் எதிரானதுமான மறுதாக்கம் உண்டு என்று ஐசாக் நியூற்றன் 1687ஆம் ஆண்டு வெளியிட்ட விதியே ஈண்டு தொழிற்படுகின்றது. துப்பாக்கியும் இவ்விதிக்கு விலக்கன்று. குண்டு முன்னே பாய, துப்பாக்கி பின்னே உதைக்கின்றது. அவ்வுதையை ஏற்பது சுடுகின்றவரின் தோள். அத்தோள் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையின் மெல்லிய தோளாயின் என் செய்வது? இதுவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இலங்கையில் பாடசாலை மாணவர்க்குப் படைப்பயிற்சி அளிக்கும் வழக்கம் 1881ஆம் ஆண்டு கொழும்பு றோயல் கல்லூரியில், அதிபர் ஜோன் கல் என்பாரின் காலத்தில் தொடங்கிற்று. நாளடைவில் அது நாடெங்கும் பரவியது. முன்னர் தியத்தலாவையிலும் பின்னர் ரந்தம்பையிலும் பயிற்சி முகாம்கள் நடைபெறலாயின. 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் தேசிய மாணவர் படையணி தனி அமைப்பாயிற்று. இன்று ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் அதிற் சேர்கின்றனர்.

ஆயினும், துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நெஞ்சு கலங்கும் இல்லங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல உள. 2009இல் முடிவுற்ற நெடிய போர் அத்துணைத் துயரை விட்டுச் சென்றுள்ளது. பிள்ளையைக் குறிச்சூட்டுப் பயிற்சிக்கு அனுப்புவதும் அனுப்பாது விடுவதும் பெற்றோரின் உரிமை. அனுப்பத் துணிந்தால், அப்பிள்ளை அஞ்சாமலும் ஊறுபடாமலும் பழகுவதற்கு வழி செய்தல் பயிற்றுவோரின் கடமை. முதல் நாளிலேயே தோள் கன்றி, காது அடைத்துத் திரும்பும் பிள்ளை அவ்விளையாட்டையே வெறுக்கும். அன்றேல் அச்சத்தை மறைத்துக்கொண்டு, கண்ணை மூடி விசையை இழுக்கப் பழகும். பின்னையது முன்னையதினும் தீது. குறி பார்க்காது சுடும் கை, பக்கத்தில் நிற்போர் யாவர்க்கும் ஆபத்தானது.

உதையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு உண்மை விளங்கும். இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்ட லீ என்பீல்ட் துப்பாக்கியின் ·303 அங்குலத் தோட்டாவில் குண்டின் நிறை ஏறத்தாழ 11 கிராம். அதன் வேகம் செக்கனுக்கு 740 மீற்றர் அளவினது. நான்கு கிலோகிராம் நிறையுள்ள அத்துப்பாக்கி பின்னே உதைக்கும் சக்தி 15 யூல் அளவாகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கிரிக்கெற் பந்தின் சக்தியும் ஏறத்தாழ அவ்வளவே. ·22 அங்குலச் சிறு தோட்டாவின் உதையோ இதில் நூற்றில் ஒரு பங்கு. அதே பந்து நான்கு அங்குல உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. இவ்விரண்டில் எதனைக் கொண்டு தொடங்குதல் வேண்டும் என்பதை எவரும் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. முற்காலத்தில் ·303 துப்பாக்கியின் குழலையே ·22 அளவுக்கு மாற்றி மாணவர்க்கு வழங்கியதன் நோக்கமும் இதுவே.

அடுத்தது துப்பாக்கியின் நிறை. ஒரே தோட்டாவைச் சுடும்போது, நிறை இருமடங்காயின் பின்வரும் வேகமும் உதையின் சக்தியும் பாதியாகக் குறையும். ஆனால் பாரமான துப்பாக்கியைச் சிறிய உடலால் நெடுநேரம் தாங்க இயலாது. கை நடுங்கும், முதுகு பின்னே வளையும். ஆதலின் தொடக்கத்தில் மணல் நிரப்பிய பையின் மேல் துப்பாக்கியைத் தாங்கவிட்டுச் சுடப் பழக்குதல் நன்று.

மூன்றாவது, தோளில் அணைக்கும் கட்டையின் நீளம். வளர்ந்தோர்க்கென அமைந்த கட்டை சிறு பிள்ளைக்கு நீண்டு போகும். அப்போது அது தோட்குழியில் அமராது, புயத்தின் மேல் நழுவி அங்கே இடிக்கும். லீ என்பீல்ட் துப்பாக்கிக்கே அரை அரை அங்குல வேறுபாட்டுடன் பல நீளங்களிற் கட்டைகள் செய்யப்பட்டன. போர்வீரனுக்கே அளவு பார்த்துக் கொடுத்தனர் எனின், பிள்ளைக்குப் பாராது கொடுத்தல் தகுமோ? கட்டையின் முனையிற் பொருத்தும் தடித்த றப்பர் அணை, உதையைச் சற்று நீண்ட நேரத்திலும் அகன்ற பரப்பிலும் பரப்பி மென்மையாக்கும். விரைந்து வரும் பந்தைப் பிடிப்பவன் கையைப் பின்னே இழுத்துக்கொள்வதும் இந்நுட்பமே.

நான்காவது, உடல்நிலை. கட்டைக்கும் தோளுக்கும் இடைவெளி விடுதல் பெரும் பிழை. உதைக்கு அஞ்சும் பிள்ளை செய்வதும் அதுவே. இடைவெளி இருப்பின் துப்பாக்கி வேகத்தோடு வந்து மோதும். இறுக அணைத்தால் உடலும் சேர்ந்து அசைந்து உதையைப் பகிர்ந்துகொள்ளும். நிற்பவர் ஒரு காலை முன்வைத்துச் சிறிதே முன்சாய்தல் வேண்டும். குப்புறப் படுத்துச் சுடுபவரின் உடல் பின்னே அசைய இடமில்லை. ஆதலின் வலிய தோட்டாவை அந்நிலையிற் புதியவர்க்குக் கொடுத்தல் ஆகாது.

இறுதியாக, காதும் மனமும். பலர் அஞ்சுவது உதைக்கன்று, ஓசைக்கே. வலிய தோட்டாவின் வெடியோசை 140 டெசிபெலுக்கும் மேற்பட்டது. செவிப்புலனை நிலையாகக் கெடுக்க வல்லது. காதுக் காப்பின்றி எவரையும் சுடவிடலாகாது. உதையைக் குறைக்கக் குழல்வாயிற் பூட்டும் கருவிகள் ஓசையை மிகுவிப்பதால் அவை இளையோர்க்கு ஏற்றனவல்ல. அச்சம் உள்ளதோ என அறிய, பயிற்றுநர் பிள்ளை பாராவண்ணம் இடையிடையே வெடிக்காத போலித் தோட்டாவை இடுவதுண்டு. விசை இழுத்ததும் வெடியாத துப்பாக்கியின் முனை கீழே தாழுமாயின், குறி தவறியதன் காரணத்தைப் பிள்ளை தானே காணும். அவ்வேளையிற் கடிந்துரையாது, சிறு தோட்டாவுக்கு மீளுதலே மருந்து.

உதை மிகச் சிறிதேயுள்ள காற்றுத் துப்பாக்கியும் உண்டு. பத்து மீற்றர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில், இலங்கையின் தெஹானி எகொடவெல பங்குகொண்டார். அப்போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் அளவினது. அதனை நாடுவதற்கு வேண்டுவது அகன்ற தோளன்று. அடங்கிய மூச்சும் அசையாத கையும் அமைந்த மனமுமே. உருவிற் சிறியோரை ஒதுக்குவதற்குக் காரணம் எதுவுமில்லை. கருவியைப் பிள்ளைக்கேற்பப் பொருத்துக. பிள்ளையைக் கருவிக்கேற்ப வருத்தற்க.