கணிப்பொறியும் ஆசிரியர் கடமையும்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், விருதுநகரில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

தமிழ்ப் பண்டிதருக்கும் கணிப்பொறிக்கும் யாது சம்பந்தம் என்று தங்களுள் சிலர் வினவக் கூடும். 2020-ஆம் ஆண்டு வரையில் யாமும் அங்ஙனமே வினவிக் கொண்டிருந்தவரே. அவ்வெண்ணம் பிழையென உணர்ந்த வரலாற்றையே இன்று கூற முன்வந்தோம்.

விருதுபட்டி என வழங்கிய நம் ஊர் 1923-ல் விருதுநகர் எனப் பெயர் பெற்றது. அதற்கு முன்னரே நம் முன்னோர் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வியாபாரிகள் மகமை கொடுத்தனர். இல்லத்தரசியர் உலையிலிடும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடியை எடுத்து வைத்தனர். அப்பிடியரிசியால் வளர்ந்த பள்ளியிலே பயின்ற காமராசர், பின்னாளில் முதலமைச்சராய் அமர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கச் செய்ததை உலகம் அறியும். சிவகாசியினின்றும் 1922-ஆம் ஆண்டளவில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைப் பயின்று மீண்டனர். மழை பொய்க்கும் இக்கரிசற்சீமைக்கு அவர்கள் கொணர்ந்த பெருஞ்செல்வம் யாது? கைத்திறனேயன்றோ? வயது வந்தோர் வெட்கமின்றிப் பிறரிடம் சென்று கற்றமையால் ஓர் ஊர் பிழைத்தது. ஆசிரியர்க்கும் அதுவே வழி என்பது எமது துணிபு.

நிற்க. 2020 மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. யாம் பாடத்தைத் தாளில் எழுதி, அதனைக் கைப்பேசியாற் படம் பிடித்து மாணாக்கர்க்கு அனுப்பினோம். ஏழாம் வகுப்புச் சிறுமியொருத்தி, "ஐயா, எழுத்துக் கலங்கித் தெரிகிறது, அச்செழுத்தில் அனுப்பலாகாதா?" என வினவினாள். அவள் தந்தையார் பட்டாசுத் தொழிலாளி. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி அவரோடு சென்று, பொழுது சாய்ந்தபின்னரே திரும்பும். அவளுக்குக் கிடைத்ததோ இரவில் ஒரு நாழிகை. அதனையும் எமது அறியாமை விழுங்கிற்று. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

முன்னர் எம்மிடம் பயின்று, சிவகாசியில் ஓர் அச்சகத்திலே கணிப்பொறியில் எழுத்துக் கோக்கும் வாலிபர் ஒருவரை அணுகினோம். "ஐயாவுக்கு நானா சொல்லித் தருவது?" என்று அவர் கூசினார். "கற்பிப்பவர் எவரோ அவரே ஆசிரியர்" என்றோம். அவர் 'தமிழ்99' என்னும் விசைப்பலகையைக் காட்டினார். 1999-ல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி அஃது ஏற்கப்பட்டது. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆய்தமும் அதில் தனித்தனி விசைகளாய் உள்ளன. ககர விசையை அழுத்தி, இகர விசையை அழுத்தினால் 'கி' தோன்றும். ககரத்தை இருமுறை அழுத்தினால் முன்னதன்மேல் தானே புள்ளி ஏறும். ஙகரத்தின்பின் ககரமும், ஞகரத்தின்பின் சகரமும் வரின் அவ்வாறே. மெய்ம்மயக்கமும் இனவெழுத்தும் யாம் இருபது ஆண்டுகள் பலகையில் எழுதி விளக்கியவை அல்லவா? அவற்றை விசைப்பலகையிற் கண்டபோது, அந்நிய நாடென்று அஞ்சிய இடத்தில் தாய்வீட்டைக் கண்டாற் போன்றிருந்தது. இரண்டு திங்களில் பாடங்களைத் தெளிவாய் அச்செழுத்தில் அனுப்பலானோம்.

இனி, வகுப்பறையில் விளைந்த பயன் ஒன்றைக் கூறுவோம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ழகரத்தை ளகரமாகவே ஒலிப்பர். திருத்தினால், தாம் சரியாகவே சொன்னதாய் நினைப்பர். ஒரு மாணாக்கன் வாசிப்பதைக் கைப்பேசியிற் பதிந்து அவனையே கேட்கச் செய்தோம். 'வாழை' என்று தான் சொன்னது 'வாளை' என ஒலித்ததைக் கேட்டு அவன் திகைத்தான். ஒரு வாரத்தில் தானே திருந்தினான். எமது பிரம்பும் கண்டனமும் செய்யாததை அவன் குரலே செய்தது.

ஆயினும் கருவியே கற்பிக்கும் என மயங்குதல் வேண்டா. தமிழக அரசின் பாடநூல்களில் 2018 முதல் கியூ.ஆர். குறிகள் அச்சிடப்பட்டுள்ளன, 2019-ல் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கப்பெற்றது. யாம் கண்ட ஒரு பள்ளியிலோ, விலையுயர்ந்த திரைப்பலகை பழுதாகுமென்று அஞ்சி உறையிட்டுப் பூட்டப்பட்டிருந்தது. இயக்க அறிந்தார் இன்மையே காரணம். அறிந்தவரும் படக்காட்சியை ஓடவிட்டு நாற்காலியில் அமர்ந்திருப்பின், அதுவும் பூட்டி வைத்ததற்கே ஒப்பாகும். எப்பிள்ளைக்கு எவ்விடத்தில் விளங்கவில்லை என்று முகங்கண்டு அறிபவர் ஆசிரியரே.

ஆதலின் சங்கத்தாருக்கு எமது விண்ணப்பம் இவை: நம் கட்டடத்தில் ஓர் அறையில் கணிப்பொறிகள் சிலவற்றை அமைத்து, சனிக்கிழமை தோறும் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தல் வேண்டும். அச்சகங்களிற் பணியாற்றும் நம் இளைஞர் அதற்கு முன்வருவாராக. மாலை வேளையில் அவ்வறை, வீட்டிற் கைப்பேசியில்லாப் பிள்ளைகளுக்குச் சாதி வேறுபாடின்றித் திறந்திருக்க வேண்டும். பசிக்கும் அறியாமைக்கும் சாதியில்லை.

அன்று நம் பாட்டியர் ஒரு பிடி அரிசி தந்தனர். இன்று யாம் வேண்டுவது, கற்றவரிடமிருந்து வாரத்தில் ஒரு மணி நேரம். அந்த ஏழாம் வகுப்புச் சிறுமியின் இரவு நாழிகை இனி ஒருவருக்கும் வீணாகாதிருக்கட்டும்.