பிள்ளையோடு ஒன்றரை நாள்: கடலோரத்தில் குதிரைச் சவாரி



இன்றைய பேச்சின் தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். "குதிரைச் சவாரியா? அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு? செம்பனைக் குலை வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைக்குக் குதிரை எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டியவர். அவருடைய இளவயதில் வெள்ளைக்காரத் துரை குதிரை ஏறித்தான் காட்டைச் சுற்றி வருவாராம். குளம்புச் சத்தம் கேட்டதும் ஆட்கள் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, பாதையை விட்டு இறங்கி ஓரமாக நிற்பார்களாம். தாத்தாவுக்கு எழுபது வயதான பிறகும் குதிரை என்றால் ஒதுங்கி நிற்க வேண்டிய ஒன்றுதான். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது தொட்டுப் பார்த்த ஒரே குதிரை, தோட்டத்து முனியாண்டி கோயில் வாசலில் நின்ற சிமெண்டுக் குதிரை.

ஆனால் குதிரை துரைமார்களுக்கு மட்டும் உரியதா? நம் நாட்டிலேயே, சபா மாநிலத்துக் கோத்தா பெலுட் வட்டாரத்தில் வாழும் பஜாவ் மக்கள் குதிரை ஏற்றத்தில் பெயர் பெற்றவர்கள். 'கிழக்கின் கௌபாய்கள்' என்றே அவர்களை அழைப்பதுண்டு. அவர்கள் துரைமார்கள் அல்லர். வயலிலும் கடலோரத்திலும் பாடுபட்டு வாழ்ந்த மக்கள்தாம். ஆகவே, நம் பிள்ளைகளும் ஒரு முறை ஏறிப் பார்ப்பதில் தவறொன்றும் இல்லை.

அதற்கு நெடுந்தூரம் போகவும் வேண்டியதில்லை. பினாங்கின் பத்து பெரிங்கியிலும், நம்மில் பலர் ஆண்டுக்கு ஒரு முறையாவது போய்வரும் போர்ட்டிக்சன் கடற்கரையிலும் குதிரைச் சவாரி உண்டு. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான்.

நேயர்களே, முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கடற்கரைக்குப் போனோம். அங்கே ஒரு குதிரை நின்றது. எனக்கு ஆசை பொங்கியது. மகளைக் கேட்காமலே பணத்தைக் கொடுத்து, அவளைத் தூக்கிச் சேணத்தில் உட்கார வைத்தேன். குதிரை தலையை ஒரு உதறு உதறியது. பிள்ளை அலறிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் குதிரைமேல் கோபம் வரவில்லை, சிரித்தவர்கள்மேலும் வரவில்லை, பிள்ளைமேல் வந்தது. "இவ்வளவு பணம் கொடுத்தேனே, இதற்கா அழுகிறாய்?" என்று திட்டினேன். வீடு வந்து சேரும்வரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிரவு என் மனைவி ஒன்றே ஒன்று சொன்னார்: "ஆசை உங்களுடையது. பயம் மட்டும் அவளுடையதா?" அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பத்து மாதம் கழித்து நாங்கள் மறுபடியும் போனோம். அந்தத் தடவை திட்டமிட்டுப் போனோம். அந்தத் திட்டத்தைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்தேன்.

முதலாவது, பணமும் நேரமும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. சனிக்கிழமை வேலை முடிந்த பிறகு கிடைக்கும் அரை நாளையும் சேர்த்தால், தோட்டத்துக் குடும்பத்துக்கு வார இறுதி என்பது பெரும்பாலும் ஒன்றரை நாள்தான். பணமோ அதைவிடக் குறைவு. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அரிசி, பள்ளிச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் போக, மிச்சம் பிடிப்பது எளிதன்று. ஆனாலும் வாரம் 10 வெள்ளி உண்டியலில் போட்டால், 20 வாரத்தில் 200 வெள்ளி சேரும். அந்தக் கணக்கைப் பிள்ளையே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் வழிச்செலவு குறையும். சவாரிக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு கட்டணம், குதிரையைப் பிடித்து நடத்த ஆள் உண்டா, பிள்ளைக்குத் தலைக்கவசம் தருவார்களா என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா நாளும் குதிரை இருக்காது. போய் ஏமாந்து நிற்பதைவிடக் கேட்டுவிட்டுப் போவதே மேல்.

இரண்டாவது, கடலும் வெயிலும். நம் மேற்குக் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை கடல்நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 8 மணிக்கு நீர் வற்றினால், நாளை வற்றுவது 8.50 வாக்கில். நீர் வற்றியிருக்கும்போது கரையோரத்து ஈரமணல் கெட்டியாக இருக்கும். குதிரைக்குக் கால் புதையாது. காய்ந்த மணலில் குளம்பு புதையப் புதைய நடந்தால் அதன் கால் நரம்புகளுக்குக் கேடு. நீர் வற்றும் நேரத்தைக் கைப்பேசியில் பார்க்கலாம், கடற்கரைக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

நண்பகல் வெயில் பிள்ளைக்கும் ஆகாது, குதிரைக்கும் ஆகாது. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் குதிரையைப் பார்த்துப் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுமுன் சவாரியை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி மழை அடிக்கடி வரும். இடி முழக்கம் காதில் விழுந்தால் சவாரியை விட்டுவிட்டுக் கரையை விட்டு விலகிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பது பழமொழி. உயிருள்ள குதிரையானாலும் அதை நம்பிக் கடலுக்குள் இறங்க வேண்டாம். அலையைக் கண்டு மிரளும் குதிரையும் உண்டு.

மூன்றாவது, உடை. அரைக்கால் சட்டை வேண்டாம். சேணத்தில் உரசித் தொடை புண்ணாகும். நீண்ட கால்சட்டையே ஏற்றது. சிலிப்பர் கூடாது. குதிகால் சற்று உயர்ந்த, விரல்களை மூடிய சப்பாத்து வேண்டும். குதிகால் இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். விழும்போது கால் சிக்கினால் குதிரை ஆளை இழுத்துக்கொண்டே ஓடிவிடக்கூடும். தலைக்கவசத்தின் வாரைத் தாடையின் கீழ் இறுக்கிப் பூட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் போடும் கவசம் இதற்கு உரியதன்று. இன்னொன்று: பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் ஒரே சேணத்தில் ஏறாதீர்கள். விழுந்தால் பெரியவர் உடம்பு பிள்ளைமேல் விழும்.

நான்காவது, குதிரையின் குணம். இதைப் பிள்ளைக்கு வீட்டிலேயே கதைபோலச் சொல்லிக்கொடுங்கள். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் அதற்குத் தெரியாது. ஆகவே பின்பக்கமாகப் போகவே கூடாது. மெல்லப் பேசிக்கொண்டே தோள்பக்கமாகப் போக வேண்டும். காது முன்னோக்கி நின்றால் அது கவனிக்கிறது. காதைப் பின்னால் படிய மடக்கினால் கோபமாக இருக்கிறது, விலகிவிட வேண்டும். தீனி கொடுப்பதாக இருந்தால் குதிரைக்காரரைக் கேட்டுவிட்டு, விரல்களைச் சேர்த்து, விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுக்க வேண்டும். முறுக்கு, பிஸ்கட் எல்லாம் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாததைத் தின்றால் வயிற்று வலியால் துடிக்கும், செத்தும் போகலாம். கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்வதும் ஆபத்து. குதிரை திமிறினால் கையை இழுத்துவிடும்.

ஏறுமுன் குதிரையையும் ஒரு பார்வை பாருங்கள். விலா எலும்பு தெரிகிறதா? சேணத்தடியில் புண் இருக்கிறதா? நிற்க நிழலும் குடிக்கத் தண்ணீரும் உண்டா? தோட்டத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. களைத்த பிராணி எது என்று கண்டதும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட குதிரையில் ஏறாதீர்கள். ஏன் ஏறவில்லை என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பாடுபடுகிற உயிரின் களைப்பு என்னவென்று நம் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

ஐந்தாவதாகச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. முதலில் பெற்றோர் ஏற வேண்டும். பிள்ளை கீழே நின்று பார்க்கட்டும். "ஏற மாட்டேன்" என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால் பணம் போனதாக நினைக்க வேண்டாம். தோளைத் தடவிக்கொடுத்ததும், பக்கத்தில் நடந்து வந்ததும் சவாரியில் சேர்த்திதான்.

இரண்டாம் முறை போனபோது நான் அப்படித்தான் செய்தேன். சனிக்கிழமை மாலை அந்தக் குதிரைக்கு என் மகள் ஒரு கேரட்டைக் கொடுத்தாள். அது உதட்டால் அவள் உள்ளங்கையைத் துழாவி எடுத்தது. கூச்சத்தால் சிரித்தாள். மறுநாள் காலை இடப்பக்கமாக நின்று, குதிரைக்காரர் சொன்னபடி நான் ஏறினேன். நேயர்களே, உள்ளதைச் சொல்கிறேன்: மேலே உட்கார்ந்ததும் எனக்கு நடுக்கம் கண்டது. கீழே நின்று பார்க்கும்போது உயரமாகத் தெரியாத குதிரை, மேலே ஏறியதும் தென்னை மரமாக இருந்தது. பத்து மாதத்துக்கு முன் என் பிள்ளை ஏன் அலறினாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அப்பா, பயமா இருக்கா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். உடனே அவள் குதிரைக்காரரைக் கேட்டுக்கொண்டு, அவருக்குப் பக்கத்திலேயே, குதிரையின் தோளோரமாக நடந்து வந்தாள். "கீழே பாக்காதீங்கப்பா, நேரா பாருங்க" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் இறங்கியதும், "இப்ப நான்" என்றாள். பத்து நிமிடம் ஏறியிருந்தாள். அலறவில்லை. ஆனால் சேணத்தைப் பிடித்த பிடியை விடவும் இல்லை. அதுபோதும் எங்களுக்கு.

திரும்பி வரும்போது வேனில் அவள் வாய் ஓயவில்லை. என்னிடம் ஒரு மன்னிப்புக் கடன் பாக்கி இருந்தது. அதையும் அன்றுதான் தீர்த்தேன். "அன்றைக்கு உன்னைத் திட்டியிருக்கக் கூடாதும்மா" என்றேன். அவள் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே, "தெரியும்பா" என்றாள்.

நேயர்களே, விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறோம். பிள்ளை அப்போது தூக்கத்தில் இருக்கும். மாலையில் நாம் களைத்து வருகிறோம். பிள்ளையிடம் நாம் பேசுவதெல்லாம் "படித்தாயா, சாப்பிட்டாயா" என்ற இரண்டு கேள்விகள்தாம். நமக்கும் தெரியாத, பிள்ளைக்கும் தெரியாத ஒன்றை இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளும் நேரம் மிக அரிது. அந்த நேரத்தைத்தான் கடலோரத்துக் குதிரை நமக்குத் தருகிறது.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். பயணம் என்றால் சோறு கட்டுவதும், பாய் விரிப்பதும், ஈரத்துணியைப் பிழிவதுமே உங்கள் பங்கு என்று ஆகிவிட வேண்டாம். அந்த ஒரு காலை மட்டும் பசியாறக் கடையில் வாங்கிக்கொண்டு, நீங்களும் ஒரு சுற்று ஏறிப் பாருங்கள். அம்மா குதிரை ஏறிய காட்சியைப் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

என் தாத்தா இன்று இல்லை. குதிரையைக் கண்டு ஒதுங்கி நின்ற அந்தப் பெரியவரின் கதையை, உண்டியலைத் திறந்த இரவில் என் மகளுக்குச் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "துரை அந்தத் தாத்தாவை ஒரு தடவைகூட ஏறிப் பாருன்னு சொல்லலையா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுவாரம் வழக்கம்போல உண்டியலில் 10 வெள்ளி போட்டோம்.

நீங்களும் இந்த வாரமே உங்கள் உண்டியலைத் தொடங்கலாம்.