கணினியும் சுருதி சேர வேண்டும்
(வெள்ளி விழாச் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கியதும் காதில் விழுந்தது அதே பழைய மின்சார ரயில் சத்தம். ஆனால் ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன் இப்போது பல மடங்கு. 2023 டிசம்பரில் பக்கத்தில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம்! அந்தச் சத்தம் இந்த அரங்குக்குள் எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடலாம். என் பிழைப்பே அதுதான். அதில் நான் செய்த ஒரு தப்பை மாணவர்களிடம் சொல்லத்தான் வந்தேன்.

அலைச் சமன்பாட்டை முழு அரங்கத்துக்கும் ஒரேயடியாகத் தீர்ப்பது கஷ்டம். அதனால் இடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எளிய சூத்திரம் எழுதி, பக்கத்துத் துண்டோடு பொருத்திவிடுகிறோம். இதுதான் ஃபைனைட் எலிமென்ட் முறை. 1943இல் கூரன்ட் அடித்தளம் போட்டார். 1960இல் கிளஃப் பெயர் வைத்தார்.

துண்டு எவ்வளவு சின்னது? காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 செ.மீ. ஓர் அலைக்குப் பத்துத் துண்டாவது வேண்டும். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள அரங்குக்கு இரண்டரைக் கோடி துண்டுகள்! அதிர்வெண் இரட்டித்தால் எட்டு மடங்கு, இருபது கோடி. அதனால் துண்டைப் பெரிதாக்கிவிட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். புள்ளி குறைந்த கோலம் போல வடிவம் கெட்டுவிடும். ஆனால் கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது. ஏதோ ஒரு விடையைக் கொடுத்துவிடும்.

எனக்கு நடந்தது மிருதங்கத்தில். வெறும் வட்டத் தோலைத் தட்டினால் மேற்சுரங்கள் 1.59, 2.14 என்று ஒழுங்கில்லாத விகிதத்தில் வரும். மிருதங்கத்தில் அவை 2, 3, 4, 5 என்று அமைகின்றன. வலந்தலையின் நடுவே இடும் கரணைதான் காரணம். நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து இதை எழுதினார். 1934இல் விரிவாக விளக்கினார். 1954இல் ராமகிருஷ்ணாவும் சோந்தியும் கணிதத்தில் காட்டினார்கள்.

இதை நான் கம்ப்யூட்டரில் போட்டேன். மேலே போகப் போக என் மேற்சுரங்கள் ஏறி நின்றன. நான் என்ன செய்தேன்? கரணையின் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, விடையைச் சரிக்கட்டினேன். மறுநாள் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று மாலை பக்கத்து வீட்டு மிருதங்கக்காரர் வந்தார். படத்தைக் காட்டிப் பெருமையடித்தேன். கனத்தைக் கேட்டவர் சிரித்துவிட்டார். "தம்பி, இவ்வளவு கரணை போட்டா வலந்தலை பேசாதே!"

"இல்லீங்கய்யா, கணக்கு ராமனோட ஒத்துப்போகுது."

"கணக்கு ஒத்துப்போகட்டும். வாத்தியம் ஒத்துக்கணுமே?"

ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து, கரணையே இல்லாத வெறும் தோலைக் கணக்கிட்டேன். விடை தெரிந்த அந்தக் கணக்கிலேயே 1.59க்கு மேலே போய் நின்றது! துண்டுகள் பெரிது. இந்த முறையில் வழக்கமாகப் போடுகிறபடி போட்டால் அதிர்வெண் உண்மையைவிட ஏறித்தான் வரும். மேற்சுரங்களில் பிழை இன்னும் கூடும். துண்டுகளைச் சிறிதாக்கினேன். சுரங்கள் இறங்கின. கரணையும் நிஜ அளவுக்கு வந்தது. அறிக்கையைக் கிழித்துப் போட்டு, புதிதாக எழுதினேன்.

மிருதங்கமானால் கேட்டுச் சொல்ல ஆள் உண்டு. நாளைக்கு நீங்கள் சாலையோரப் பள்ளிக்கு எவ்வளவு உயர மதில் வேண்டும் என்று கணக்கிடுவீர்கள். தப்பானால் பிள்ளைகள்தான் வருஷக்கணக்கில் இரைச்சலில் உட்கார வேண்டும்.

ஆகவே, தம்பி தங்கைகளே, விடை தெரிந்த கணக்கை முதலில் போடுங்கள். துண்டைப் பாதியாக்கி மறுபடி பாருங்கள். விடை ஒத்து வரவில்லை என்றால் கரணையைக் கூட்டாதீர்கள். காது உள்ளவர் ஒருவரைக் கேளுங்கள்.