பெட்டியின் பெயரும் சில்லின் பெயரும்

நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி வாங்க எண்ணுவோர், பாடியின் வண்ணப் பூச்சைக் கண்டு மயங்குவதில்லை. பாடி கட்டுவது உள்ளூர்ப் பட்டறை; சேசிஸும் எஞ்சினும் வருவது வேறோர் ஆலையிலிருந்து. ஆகவே, "எந்தச் சேசிஸ்?" என்பதே அவர்களது முதற்கேள்வி. லினக்ஸ் என்னும் திறந்தமூல இயங்குதளத்திற்கு வலையிணைப்பு அட்டை வாங்குவோரும் இவ்வாறே, "உள்ளிருக்கும் சில்லு எது?" என்று கேட்டல் வேண்டும்.

2011-ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபொழுது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அதில் இடம்பெற்றது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியதாகும். அக்காள் பெற்ற அக்கணினியில் தம்பி பயிலும் இல்லங்கள் பள்ளிப்பாளையம் பக்கத்தில் உண்டு. அதன் வைஃபை பழுதானால், விசைத்தறிக் கூலியில் சில நூறு ரூபாய் ஒதுக்கிப் புதிய கருவி வாங்கவேண்டும். அப்பணம் வீணாகலாமா?

அட்டையை இயக்கும் நிரலுக்கும் டிரைவர் என்றே பெயர். அது லினக்ஸின் கெர்னல் என்னும் உட்கருவிலேயே அமைந்திருப்பின், கருவியைச் செருகியதும் இணைப்புக் கிட்டும். இல்லையேல் வலையிலிருந்து இறக்கவேண்டும்; வலைக்குச் செல்லவோ அந்த அட்டையே வேண்டும்! சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான். மேலும், வெளியிலிருந்து சேர்த்த டிரைவர், கெர்னல் புதுப்பிக்கப்படும்போது இயங்காமற் போவதும் உண்டு.

கம்பிவழி அட்டைகளில் இத்தொல்லை குறைவு. இன்டெல், ரியல்டெக் சில்லுகள் பெரும்பாலும் உடனே இயங்கும். வைஃபையில்தான் விழிப்பு வேண்டும். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்னும் கருவியைப் பாருங்கள். முதற்பதிப்பில் இருந்தது ஆதிராஸ் ஏஆர்9271 சில்லு. அதற்குக் கெர்னலிலேயே நல்ல டிரைவர் இருந்தது. சில்லினுள் ஏற்றப்படும் ஃபர்ம்வேரின் மூலநிரலும் 2013-இல் வெளியிடப்பட்டது. இரண்டாம் பதிப்பிலோ ரியல்டெக் சில்லு! அதன் டிரைவர், முழுமை பெறாதவற்றை வைக்கும் தனிப்பகுதியிலேயே நெடுநாள் கிடந்தது. பெட்டியின் மேற்பெயர் மட்டும் மாறவேயில்லை. வணிகருக்கு அது வசதி, வாங்குவோர்க்கு இடர்.

ஆதலின் ஒட்டுத்தாளில் பொடியெழுத்தில் அச்சிட்டிருக்கும் பதிப்பெண்ணைப் படியுங்கள். நண்பரது லினக்ஸ் கணிப்பொறியில் அத்தகைய கருவி இருப்பின், அதனைச் செருகி 'எல்எஸ்யூஎஸ்பி' என்ற கட்டளையைத் தட்டினால், நிறுவன எண்ணும் கருவி எண்ணும் தோன்றும். அவ்வெண்களைக் கொண்டு டிரைவர் உண்டா எனத் தேடலாம். அவை பெட்டியின் பெயரைவிட நம்பத்தக்கவை.

சேலத்துக் கடைக்குச் செல்கையில், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுசெல்லுங்கள். நிறுவாமலே அதிலிருந்து மடிக்கணினியை இயக்கிக் கருவி வலையைக் காண்கிறதா என்று பார்த்துவிடலாம். பழைய பொருள் விற்போர் இதற்கு இசைவர். புதிய பெட்டியைப் பிரிக்கச் சொன்னால் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சுளித்தால் அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.