நீரும் நலிந்த உடலும்

குடிநீர் தெளிவாக இருந்துவிட்டால் அது தூயது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அதில் குளோரினும் கலந்துவிட்டால் அச்சத்திற்கே இடமில்லை என்று உறுதி கொள்கிறோம். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்களை வருத்தும் ஒரு குடற்கிருமியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

அதன் பெயர் கிரிப்டோஸ்போரிடியம். ஓரணு உயிராகிய இந்த ஒட்டுண்ணியை 1907-ஆம் ஆண்டில் சுண்டெலியின் இரைப்பையில் கண்டறிந்தவர் எர்னஸ்ட் டைசர் என்னும் அமெரிக்க அறிஞர். மனிதரையும் இது பற்றும் என்பது 1976-இல்தான் வெளியாயிற்று. மலத்தோடு வெளியேறும்போது இக்கிருமி ஓர் உறைக்குள் அடங்கியிருக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ இருநூறு உறைகளை வரிசையாக வைக்கலாம், அத்துணைச் சிறியவை. குடிநீரில் நாம் கலக்கும் குளோரின் அவ்வுறையை எளிதில் துளைப்பதில்லை.

1993-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இக்கிருமி குடிநீர்க் குழாய்கள் வழியே பரவிற்று. மிச்சிகன் ஏரியிலிருந்து எடுத்த நீர் வடிகட்டப்பட்டது, குளோரினும் சேர்க்கப்பட்டது. ஆயினும் ஏறக்குறைய 4,03,000 பேர் வயிற்றுப்போக்கால் வருந்தினர். ஏப்ரல் 7-ஆம் நாள், நீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு நகரத்தாருக்கு அறிவிக்கப்பட்டது. நோயுற்றவருள் பெரும்பாலோர் சில நாட்களில் தேறினர். உயிரிழந்தவருள் மிகப் பலர் எய்ட்ஸ் நோயாளர்.

குடித்த நீர் ஒன்றே. முடிவு மட்டும் ஏன் வேறாயிற்று? நம் குருதியிலுள்ள சி.டி.4 என்னும் வெள்ளணுக்கள் உடலின் காவற்படைக்குத் தலைமை தாங்குகின்றன. எச்.ஐ.வி. அத்தலைமையையே அழிக்கிறது. நலமுள்ளவனிடத்தில் ஓரிரு வாரங்களில் அடங்கும் வயிற்றுப்போக்கு, எதிர்ப்பாற்றல் குன்றியவனிடத்தில் மாதக்கணக்கில் நீடிக்கும். நீரும் உப்பும் கழிய, தசையும் கரைய, உடல் எலும்புக்கூடாகிறது. சிஸ்டோஐசோஸ்போரா என்னும் மற்றொரு குடற்கிருமிக்குக் கோட்ரைமாக்சசோல் என்ற மருந்து நற்பயன் தருகிறது. கிரிப்டோஸ்போரிடியத்திற்கோ, இத்தகைய நோயாளரிடத்தில் உறுதியாகப் பலிக்கும் நேர்மருந்து இல்லை. எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துகளை இடைவிடாது உட்கொண்டு எதிர்ப்பாற்றலை மீட்பதே தலையாய சிகிச்சை. காவற்படை மீண்டால், குடலும் தன் பகையைத் தானே வெல்லும். 1996-க்குப் பின் இக்கூட்டு மருந்துகள் பரவிய இடங்களில் இந்நோய் பெரிதும் குறைந்தது.

மாணவ நண்பர்களே, தற்காப்பு முறைகள் எளியவை. நீர் தளதளவெனக் கொதித்து ஒரு நிமிடமேனும் நிற்கட்டும். அவ்வெப்பத்தில் கிருமி மடியும். கழிப்பறைக்குச் சென்று வந்த பின்னும், உண்பதற்கு முன்னும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.

எச்.ஐ.வி. உடையவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதால் எச்.ஐ.வி. பரவாது. அவரை ஒதுக்குவதால் எவருக்கும் பாதுகாப்பு விளையாது. அவருக்குத் தேவையானவை தூய நீரும் தவறாத மருந்துமே. ஊரில் மிக நலிந்தவரும் அஞ்சாமல் பருகத்தக்க நீரைத் தருவதே ஒரு நகராட்சியின் கடமை. அந்நீர் வலியவருக்கும் நன்மையே செய்யும்.