தென்படாத வன்தட்டு

கணினியின் களஞ்சியமாய் விளங்குவது வன்தட்டு. 1956ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. அத்துணைப் பெரிய கருவியில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துக்களே. இன்று ஒரு டெராபைற்றுக் கொள்ளளவுள்ள சிறு பெட்டி அதனினும் இரண்டு இலட்சம் மடங்கு தாங்குகின்றது.

இத்தகைய தட்டொன்றை வீட்டுக் கணினியிலே பொருத்தி, ஆளியை அழுத்தியபின், திரையில் அது தோன்றாமை கண்டு மனஞ்சோர்வோர் பலர். தட்டே பழுதென்று கடைக்கு விரையுமுன் படிப்படியாகச் சோதித்தால், குறை வேறிடத்தில் இருப்பது பல வேளைகளிற் புலனாகும்.

முதலிற் பார்க்கவேண்டியவை வடங்கள். மின்னிணைப்பை அறவே நீக்கி, உடலிலுள்ள நிலைமின் அகலும்படி கணினிக் கூட்டின் வெற்றுலோகத்தைத் தொட்டபின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும். சாட்டா வகைத் தட்டுக்கு வடங்கள் இரண்டு. தரவுவடம் 7 முனைகளையுடையது. மின்வடம் 15 முனைகளையுடையது. இவற்றுள் ஒன்று தளர்ந்திருப்பினும் தட்டு ஊமையாகிவிடும். வடத்தை மாற்றியும், தாய்ப்பலகையில் வேறு துறையிற் செருகியும் பார்த்தல் நன்று. சில தாய்ப்பலகைகளில், எம்.2 என்னும் சிறு சேமிப்பட்டையைப் பொருத்தியதும் சாட்டாத் துறைகளுள் ஒன்றோ இரண்டோ செயலற்றுப்போவதுண்டு.

அடுத்தது, கணினி விழித்தெழும்போது முதலில் இயங்கும் பயொஸ் என்னும் அடிப்படை நிரல். அதன் பட்டியலிலே தட்டின் பெயர் இல்லையாயின் குறை வடத்திலோ, துறையிலோ, அமைப்பிலோ, தட்டிலோ உளது. பெயர் அங்கே இருந்தும் விண்டோஸிலே தோன்றாவிடின், பெரும்பாலும் தட்டு இன்னும் பண்படுத்தப்படவில்லை என்பதே பொருள்.

புதிய தட்டு வரம்பு கட்டாத வயலை ஒத்தது. விண்டோஸின் தட்டு முகாமைத்துவப் பகுதியிலே அதனைத் தொடக்கி, பிரித்து, வடிவமைத்த பின்னரே அதில் எதனையும் இடலாம். தொடக்கும்போது எம்.பி.ஆர்., ஜி.பி.ரி. என இரு முறைகள் காட்டப்படும். முன்னது ஏறத்தாழ 2 டெராபைற்றுக்கு அப்பால் எட்டாது; ஆகவே பெரிய தட்டுக்குப் பின்னதே ஏற்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. மணவிழாப் படங்களும் மறைந்தோர் குரலும் நிறைந்த பழைய தட்டினைப் புதிய கணினியில் இணைக்கும்போதும், "தொடக்கவா, வடிவமைக்கவா?" என்று திரை வினவக்கூடும். ஆமெனல் ஆகாது. அவ்வொரு சொல்லால் உள்ளவை கைநழுவிப் போகலாம். தட்டிலிருந்து 'டிக், டிக்' என்னும் ஓசை இடைவிடாது எழுமாயின், உடனே மின்னை நிறுத்தி, தரவு மீட்பிலே தேர்ந்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

ஒரு டெராபைற்று என வாங்கிய தட்டு 931 கிகாபைற்று எனக் காட்டுவது ஏமாற்றன்று. செய்வோர் ஆயிரம் ஆயிரமாகவும், விண்டோஸ் 1024 ஆகவும் கணக்கிடுவதால் வந்த வேறுபாடே அது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளவுகோல் இரண்டு.

எத்துணைச் செம்மையாகப் பொருத்தினும், எந்த வன்தட்டும் ஒருநாள் ஓயும். ஆதலால், அரியவற்றுக்கு வேறொரு தட்டிலே பிரதி வைத்திருக்கும் இல்லத்தாரே இழப்பின்றி உறங்குவர்.